ஜாம் போத்தல் வெளிச்சத்தில்

திருவாலங்காட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே பழக்கமான ஓர் அண்ணன் ஊர்க்கதை என்று தொடங்கினால், பாதிக்குமேல் புத்தகக் கதையாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தன் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதில் முளைத்ததுதான் யாழ் பொது நூலகம். 1981இல் அதை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்படச் சாம்பல். வாசிப்பு மறுபடியும் வீடுகளுக்கே திரும்பியது.

1987 முதல் 1990 வரை அந்த மண்ணில் நின்றது நம் இந்திய ராணுவம். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ராணுவம் வெளியேறிய 1990இலேயே மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய், பேட்டரி, அச்சுத்தாள் எல்லாவற்றுக்கும் தடை. செய்தித்தாள்கள் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடுபோட்ட தாளில் வந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினால் அதுதான் விளக்கு. வீட்டுக்கு ஒன்று ஏற்றக் கட்டுப்படியாகாது. அதனால் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். "எண்ணெய் முடிஞ்சாலும் ஒருத்தரும் எழும்பமாட்டம், கதையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டே இருப்பம்" என்றார் அண்ணன். ஷெல் சத்தத்துக்கு நடுவே மனிதர்களைச் சேர்த்து உட்காரவைத்தது அந்தக் கதைதான்.

வாசிப்பால் மனிதர்களைச் சேர்த்தவர் என்றால், அதற்கும் முன்பே அதைச் செய்த டொமினிக் ஜீவாவை நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர். இதழைத் தானே சுமந்து, நடந்து நடந்து விற்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட மனிதர் ஒருவர் தேடிக்கொண்ட வாசக நட்பு அது. பல நிறுவனங்கள் செய்யாததை அந்த ஒற்றை மனிதர் செய்தார் என்பேன்.

போர் நெருங்கியதால் 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. சட்டி பானையையே விட்டுவிட்டு ஓடியவர்கள் புத்தகத்தை எங்கே சுமப்பது? கைமாறிக் கைமாறி வாழ்ந்த எத்தனையோ நூல்கள் அத்தோடு போயின.

தப்பியவற்றை 2005 முதல் 'நூலகம்' என்ற தன்னார்வ முயற்சி மின்வடிவில் சேர்த்துவருகிறது. யாரும் இலவசமாக வாசிக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஈழத்தில் அச்சான பழைய இதழோ மலரோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 'நூலகம்' குழுவினருக்கு ஒரு வரி எழுதுங்கள்.