ஒன்பதாயிரம் மைல் தாண்டாத ஸ்பிட்ஃபயர்

"எல்லாரும் தோல் போட்டுக் குடுங்கன்னு கேக்காங்க. இந்த வண்டியில தோலே கெடையாது அண்ணாச்சி. கம்பெனிக்காரனே ரெக்சின்தான் போட்டிருக்கான்."

சொல்லிக்கொண்டே அவர் அந்தக் கறுப்பு சீட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தோல் பைக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அவருடைய குஷன் கடை. அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். பதனிடுவதெல்லாம் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டது. வெட்டுவதும் தைப்பதும் மட்டும் இங்கே தங்கிவிட்டன. அவர் கை பழகியது டாக்சி சீட்டுகளில். காலி பீலி என்று பம்பாய் அழைக்கும் கறுப்பு மஞ்சள் டாக்சிகளுக்குப் பூப்போட்ட ரெக்சின் அடித்துக் கொடுத்தே இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தவர்.

மேசைமேல் கிடந்த சீட் டாக்சியுடையது அல்ல. 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்யப்பட்ட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டே பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் மீட்டர் இன்னும் ஒன்பதாயிரம் மைலைத் தொடவில்லை. கிலோமீட்டரில் சொன்னால் பதினாலாயிரத்துச் சொச்சம். பம்பாய் டாக்சி ஒன்று அரை வருடத்துக்குள் ஓடித் தீர்க்கும் தூரம்.

மேலுறையில் ஒரு கிழிசல் இல்லை. உள்ளே ஃபோம் மட்டும் மஞ்சள் மாவாகக் கொட்டியது. அடியில் தாங்கும் ரப்பர் விரல் பட்டதும் நொறுங்கியது. யாரும் உட்காராமலேயே செத்துப்போன சீட். கடைக்காரர் தையலை விரலால் தடவி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினார். "உறையை மாத்தக் கூடாது. வெயில்ல வச்சு எளக்கி, கிளிப்பை மட்டும் கழட்டி, புது ஃபோம் உள்ள வச்சு, பழசையே மாட்டித் தாரேன். இந்தப் பைப்பிங்கை எப்படி மடிச்சிருக்கான் பாருங்க. இது இருந்தாத்தான் நாளைக்கு இன்னொருத்தன் பாத்துத் தைப்பான்." முழு சீட்டையும் புதிதாகத் தைத்தால் அவருக்குக் கிடைக்கும் கூலி இதைப்போலப் பல மடங்கு. வேண்டாம் என்கிறார்.

காரின் வீடு செம்பூரில். சொந்தக்காரரின் அப்பா கும்பகோணத்துக்காரர். மாஹுலில் பர்மா ஷெல் சுத்திகரிப்பு ஆலையில் அதிகாரி. 1955இல் ஓடத் தொடங்கிய ஆலை, 1976இல் தேசியமயமாகி இன்று பாரத் பெட்ரோலியம். ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய வண்டி இது. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது, குடும்பம் பெருகியது, இரண்டு பேர் கார் யாருக்கும் பயன்படவில்லை. எம்ஆர் என்று தொடங்கும் பழைய பம்பாய் நம்பருடன் ஷெட்டுக்குள் போனது, அங்கேயே நின்றது.

இப்போது அந்த ஷெட் போகிறது. செம்பூரின் பழைய பங்களாக்களுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் இந்த வீட்டுக்கும். பில்டர் வந்தாகிவிட்டது. புதுக் கட்டடத்தில் கார்களை அலமாரியில் அடுக்குவதுபோல மெஷின் அடுக்கும். வடக்கே ஒரு சேகரிப்பாளர் வாங்கத் தயார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்: தொடாதீர்கள், ஓட்டாதீர்கள், மீட்டர் நகரக் கூடாது. வீட்டில் மகளோ அதில் ஒருமுறையாவது லோனாவ்லா போய் வர வேண்டும் என்கிறாள். "சார், நீங்க என்ன சொல்றேள்?" என்று சொந்தக்காரர் என்னிடமே கேட்டார். நான் மெக்கானிக்கைக் கேட்கலாம் என்றேன்.

கேட்கத் தகுந்த ஆள் மாட்டுங்காவில் இருந்தார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ரயில் பாதைப் பக்கம் திரும்பினால் வரும் ஒரு பட்டறை. எல்லாருக்கும் அவர் பாய். சென்னை புதுப்பேட்டையில் பத்து வயதில் ஸ்பானர் பிடித்தவர். அந்தக் காலத்தில் அங்கே அவர் கை வைத்ததெல்லாம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செய்த கார்.

செம்பூரில் தார்ப்பாயை விலக்கியதும் பாய் சிரித்துவிட்டார். "இது ஹெரால்டோட தம்பி சார்!" உண்மைதான். ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, வெளிச்சட்டங்களைக் கழற்றி, 1962இல் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி. இரண்டிலும் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டோடு மூக்கு முழுவதும் முன்பக்கம் கவிழும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். அப்படியே உட்கார்ந்தார் பாய். அறுபதைத் தாண்டிய மனிதர், சைக்கிள் கேரியரில் ஏறும் பையனைப் போல.

முதலில் அவர் தேடியது எஞ்சினை அல்ல, முன் சக்கரத்துக்குப் பின்னால் அடியில் இருக்கும் டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டை. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பி மரைபோட்டு இதற்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரைதான் திரும்புகிறது. பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரி இருக்கும். அதனால் எல்லோரும் கிரீஸ் அடிப்பார்கள். அடிக்க வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் காய்ந்து கட்டியாகிவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி, மரை துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் கம்பி முறியும். சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி மண்டியிட்டுவிடும். "மெட்ராஸ்ல இதைப் பாக்காத மெக்கானிக் கிடையாது. இங்க யாருக்குத் தெரியும்? என் பசங்களுக்கே தெரியாது. அவனுங்க ஸ்கேனர் மாட்டுவானுங்க."

நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும் என்பதை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். பம்பாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே தண்ணீர்தான். வீல் சிலிண்டருக்குள் துரு குழி விழுந்திருந்தது. கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டாங்கின் அடியில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி உறைந்து, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் ஜெட்டுகளையும் அடைத்திருந்தது. டயரில் தேய்மானமே இல்லை. தரையில் பட்ட இடம் மட்டும் தட்டையாகிவிட்டது.

"நான் விட்டுடலை பாய், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன், கொஞ்ச வருஷமாத்தான் நிறுத்திட்டேன்" என்றார் சொந்தக்காரர், கொஞ்சம் பெருமையோடு. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி வண்டி தூரம் ஓடினால் அது போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் தங்கும். ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட ஸ்டார்ட் செய்யாமலேயே விட்டிருக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு. இதில் எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2025இல் நாடு முழுக்க வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பர் ஹோஸையும் பம்பின் டயஃப்ரமையும் தின்னும். நின்றாலும் ஓடினாலும் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் ஆலைக்காரரின் வண்டிக்கு வந்த வம்பு.

மீட்டர் நகராமல் ஓட்டும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்களாம். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும். பெடல் ரப்பரைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பாய் காலால் தட்டிக் காட்டினார். இந்த வண்டியில் ரப்பர் புதிது போல் இருந்தது.

டிங்கர் வேலைக்காரர் ஒருவரும் வந்து பார்த்தார். குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளுக்கு நடுவே பட்டறை. கதவுக்கு அடியில் ஓடும் சில்லில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். பட்டி பார்த்து முழுக்கப் பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ பழைய பெயிண்டை நகத்தால் சுரண்டி, "இது கம்பெனி கோட். இதை எடுத்துட்டா நாளைக்கு இது கம்பெனி கோட்டுன்னு யாரு நம்புவா?" என்றார். சில்லை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

கையால் வேலை செய்கிற இருவர் உறையையும் நிறத்தையும் தொடாதே என்கிறார்கள். மூன்றாமவர் எஞ்சினை ஓட்டாமல் வைக்காதே என்கிறார். மீட்டர் நகராமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று சொன்னது காசு கொடுக்கிற சேகரிப்பாளர் மட்டும்.

சேகரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1955இல் மெர்சிடிஸ் செய்த 300 எஸ்எல்ஆர் உலென்ஹவுட் கூப்பே உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு விலை போனது. அப்படியொன்றை லோனாவ்லாவுக்கு ஓட்டிப் போ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் டிரன்னியன் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இந்தியாவில் அரிது, உலகத்தில் அரிதல்ல. அந்த மெர்சிடிஸுக்கு அரிது என்று பேசுகிற பேச்சை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டு, குறைந்த மைலுக்காக ஒரு காரை மம்மியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2013இல் ஏற்ற டூரின் சாசனமும், சாலையில் ஓட்டிப் பயன்படுத்துவதைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாயின் கை. குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த பத்மினிதான் இந்த நகரத்தின் மெக்கானிக்குகளுக்குச் சோறு போட்டது. தார்தேவ் ஆர்டிஓவில் கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29. இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி தெருவில் இல்லை. ஒரு பத்மினியையாவது காட்சிக்கு வையுங்கள் என்று டாக்சிக்காரர்கள் சங்கம் அரசிடம் கேட்டது. நல்ல கோரிக்கைதான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பத்மினிக்கு ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும் கியரைச் சரிசெய்ய ஆள் வேண்டாம். பாயிடம் முன்பு நாலு பையன்கள் வேலை கற்றார்கள். இப்போது இருப்பவன் ஒருவன். அவனும் கார்புரேட்டரைக் கழற்றியதே இந்த ஸ்பிட்ஃபயரில்தான் முதல்முறை. எஞ்சின் ஓடும்போது பிஸ்டனைக் கொஞ்சமாகத் தூக்கி, எஞ்சின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டுக் கலவையைச் சரிசெய்ய பாய் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை எந்த ஸ்கேனரும் சொல்லித் தராது. நிற்கிற காரில் கற்றுக்கொள்ளவும் முடியாது.

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தாராவியில் லேத் வைத்திருக்கிறார். ஸ்டியரிங்குக்கு வேண்டிய புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாகங்களின் பார்சல் கஸ்டம்ஸில் கிடந்த நாட்களில் வேலை நிற்காமல் ஓடியது அவரால்தான்.

கடைசியில் ஆர்டிஓ காகிதம். சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஃபிட்னெஸ் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பித்தால் இஷ்டப்படி ஓட்டலாம். அல்லது மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி, சேசிஸும் பாடியும் எஞ்சினும் மாறாமல் இருந்தால் 20,000 ரூபாய் கட்டிப் பத்து வருடத்துக்குப் பதியலாம். பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். பிறகு தினசரிப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ தெருவில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும் அனுமதி. பழைய எம்ஆர் நம்பருக்கு அந்த மரியாதை கிடைக்கட்டும் என்று சொந்தக்காரருக்கு விண்டேஜ் பக்கமே மனசு சாய்ந்தது. வடக்கத்திக்காரரிடம் விற்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. மகள் முகம்தான் வாடிப்போனது: "அப்போ லோனாவ்லா?"

பாய் காகிதத்தை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பராமரிப்பு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ரிப்பேருக்கு ஓட்டலாம்னு போட்டிருக்கானா?" ஆமாம் என்றேன். "அப்போ மாசத்துக்கு ஒரு ரிப்பேர் நான் வெச்சுத் தரேன் பாப்பா. டிரன்னியனுக்கு ஆயில் போடவே நீ மாட்டுங்கா வந்தாகணும். சூடு ஏறலன்னா திருப்பி அனுப்புவேன், வாஷி பாலம் வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வா."