வெனிஸில் ஜன்னலுக்குக் காசு கொடுங்கள்

தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம், தேனிலவு வெனிஸில். "எந்த ஹோட்டல்னு நீயே சொல்லுக்கா" என்றாள்.

அவள் ஆசைப்பட்டது சிப்ரியானி. ஜூதெக்கா தீவில் 1958இல் தொடங்கியது. பெரிய நீச்சல் குளமும் தோட்டமும் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கல்யாணம் முடிந்த கையோடு போகிறவர்களுக்கு அது கிடையாது.

நான் சொன்னது கிரிட்டி பேலஸ். 1475இல் எழுந்த மாளிகை. வெனிஸின் ஆட்சித் தலைவர் ஆந்த்ரேயா கிரிட்டி வாழ்ந்த இடம். பின்னாளில் ஹெமிங்வே தங்கியிருக்கிறார். கிராண்ட் கால்வாயின் அக்கரையில் சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயம். 1630இல் வந்த கொள்ளைநோய் நீங்க வேண்டி நேர்ந்துகொண்டு கட்டியது. காலையில் கண் விழித்ததும் அந்த வெள்ளைக் கோபுரம் தெரிய வேண்டும். அங்கே கொடுக்கும் காசெல்லாம் அதற்குத்தான் என்பேன்.

ஆகவே அறையைப் பதியும்போது கால்வாய் பார்த்த அறைதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்பக்க அறையில் ஐந்து இரவு இருப்பதைவிட, கால்வாய் பார்த்த அறையில் இரண்டு இரவு மேல். மிச்ச நாளுக்கு கன்னரேஜோ பகுதியில் சின்ன ஹோட்டலே போதும்.

இன்னொன்று: அந்த ஊருக்குள் கார் கிடையாது. பாலமெல்லாம் படிக்கட்டு, கல்யாணப் பெட்டியோடு ஏறி இறங்க முடியாது. விமான நிலையத்திலிருந்து படகு டாக்சி நேராக ஹோட்டல் படித்துறைக்கே போகும். விலை அதிகம்தான், முதல் நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி என்றால் கார்னிவல் தேதியையும் பார்த்துவிடுங்கள், அந்த வாரங்களில் அறை வாடகை எகிறிவிடும்.