குடவோலை பார்த்தாச்சு, ஏரி பார்த்தாச்சா?

உத்திரமேரூருக்குப் பள்ளிச் சுற்றுலா வருகிறவர்கள் வழக்கமாகக் கால் மணி நேரத்தில் பேருந்து ஏறிவிடுவார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபம், கல்வெட்டுச் சுவர், குடத்தில் ஓலைச் சீட்டுப் போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலைக் கதை, ஒரு குழுப்படம், அவ்வளவுதான். நான் சேர்ந்துகொண்ட எட்டாம் வகுப்புக் கூட்டத்தை அழைத்து வந்த சமூக அறிவியல் ஆசிரியர் அப்படி விடுகிறவர் இல்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்று ஆசிரியர் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு. "சார், மச்சான்கூட நிக்க முடியாதா?"

"அப்போ எங்களை எல்லாம் சேர்ப்பாங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆசிரியர் மழுப்பவில்லை. வேதம் கற்ற, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்களுக்கான சபை அது. "உனக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை" என்றார். பொற்காலம் என்று கும்பிட்டுவிட்டுப் போகாமல் இதைச் சொன்னதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

"ஏரிக்குன்னு எதுக்கு சார் தனியா ஆறு பேர்?" இதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. "நடங்க, அங்கே போய்ப் பேசுவோம்."

பல்லவர் காலத்தில் வயிரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்ற ஏரி அது. கரை மேல் ஏறியதும் பிள்ளைகள் ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் பள்ளத்தில் கிடந்த வயலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வயலைவிடத் தண்ணீர் மேலே நிற்கிறது. மோட்டார் இல்லாமல் பாய்ச்சல் நடப்பதற்கு இந்த உயர வித்தியாசமே காரணம் என்பதைப் பாடப்புத்தகம் எத்தனை பக்கம் விளக்கினாலும் இப்படிப் புரியாது.

மதகருகே நின்றிருந்த விவசாயி ஒருவர் தானாகவே பாடத்தில் சேர்ந்துகொண்டார். "மதகு எப்பத் திறக்கணும், யார் வயலுக்கு முதல்ல விடணும்னு பாக்கிறவருக்கு நீர்க்கட்டின்னு பேரு, கண்ணுங்களா. தலைமடைக்காரன் அவசரப்பட்டா கடைமடைக்காரன் காஞ்சு போவான்." ஆறு பேர் எதற்கு என்ற கேள்விக்குப் பாதி விடை அதில் கிடைத்துவிட்டது.

மீதி விடை கலங்கலில். "ஏரி ரொம்பிட்டா என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்க, "கரை உடைஞ்சிடும்" என்றார்கள் எல்லோரும். கலங்கலைத் தாண்டும் உபரி நீர் கீழேயுள்ள ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். நடுவில் ஒரு கால்வாயை வீட்டுமனையாக்கினால் மேலூரில் வெள்ளம், கீழூரில் வறட்சி. வண்டல் சேரச் சேர ஏரியின் கொள்ளளவு குறையும். தூர்வாரவென்றே பொன்னும் நிலமும் எழுதி வைத்தவர்கள் உண்டு.

பிறகு நோட்டை எடுக்கச் சொன்னார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெறும் இந்தப் பகுதியில் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் எவ்வளவு விழும்? 1,20,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு 220. வகுத்துப் பார்த்த பையன் தன் விடையைத் தானே நம்பாமல் மறுபடி வகுத்தான். 545 நாள். முழுவதையும் பிடிக்க முடியாதுதான்; பாதியைப் பிடித்தாலும் எட்டு ஒன்பது மாதம் தாங்கும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கிறது; சொட்டும் குழாயை வரைந்தால் பரிசு. தண்ணீர் குழாயில்தான் தொடங்குகிறது என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பென்ன?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர் வந்தால் குடவோலையோடு திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கரைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வர முடியாதவர்கள் தங்கள் ஊர் ஏரிக்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், பெரியவர்கள் துணையோடு, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். மதகும் கலங்கலும் அங்கேயும் இருக்கும்.