அந்த வயசுக் கோளாறு

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகள் வந்திருந்தாள். 48 வயது. காபி குடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, எனக்கு நின்னு ஒரு வருஷமாச்சு. ராத்திரியெல்லாம் உடம்பு எரியுது, தூக்கமே இல்ல. கொலஸ்ட்ராலும் 250-ஐத் தாண்டிடுச்சு. ஹார்மோன் மாத்திரை போட்டா ரெண்டும் சரியாயிடும்னு ஆபீஸ்ல ஒருத்தங்க சொல்றாங்க. நீங்ககூட போட்டீங்களாமே?"

போட்டேன். அந்தக் கதையை அவளிடம் சொன்னேன். நம் வயதுக்காரர்கள் வீட்டிலும் மகள்களும் மருமகள்களும் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் இங்கும் எழுதி வைக்கிறேன்.

1999-இல் எனக்கு 50 வயது. அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து தலைவரை திகுதிகுவென்று சூடு ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும். புதுச்சேரிப் புழுக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் வயதுக்கு வந்தபோது பந்தல் போட்டு ஊரைக் கூட்டினார்கள். அது நிற்கும்போது பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது.

ஒரு வழியாக டாக்டரிடம் போனேன். கொலஸ்ட்ரால் 262 என்று வந்தது. ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொலஸ்ட்ராலை, அதாவது எல்.டி.எல்.-ஐ, இழுத்து அகற்றுவது கல்லீரலின் வேலை. அந்த வேலைக்கு ஈஸ்ட்ரோஜன் துணை செய்கிறது. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் எல்.டி.எல். ஏறுகிறது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகத் திருப்பிக் கொடுத்தால் எரிச்சலும் போகும், கொலஸ்ட்ராலும் இறங்கும், இதயமும் பிழைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்ல, மூன்று! அன்று உலகெங்கும் பல டாக்டர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. கொலஸ்ட்ரால் 228. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி தாளை எல்லோரிடமும் காட்டினேன். அதே தாளில் ட்ரைகிளிசரைடு 160-லிருந்து 235-க்கு ஏறியிருந்தது. அந்த வரியை நான் பார்க்கவே இல்லை.

என் அக்கா சொல்தாவைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். அவருக்கும் அங்கே ஹார்மோன்தான் கொடுத்தார்கள். ஆனால் மாத்திரை இல்லை, கையில் தடவும் ஜெல். "தைலம் தேய்க்கிற மாதிரியா?" என்று போனில் கேலி செய்தேன். விஷயம் பிறகுதான் புரிந்தது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே எல்.டி.எல். குறைந்தாலும் ட்ரைகிளிசரைடும், ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களும் கூடுகின்றன. தோல் வழியாகப் போவது நேராக ரத்தத்தில் கலக்கிறது. 2007-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ரத்த நாளங்களில் கட்டி உறையும் ஆபத்து மாத்திரை விழுங்கியவர்களுக்குக் கூடியிருந்தது; தோலில் தடவியவர்களுக்குக் கூடவில்லை.

2002 ஜூலையில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறதாம். அன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போட்டேன். ஒரே வாரத்தில் எரிச்சல் திரும்பி வந்தது.

வேறொரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நான் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். மாத்திரை போட்ட 10,000 பேரை ஒரு வருடம் பார்த்தால், போடாதவர்களைவிட மாரடைப்பு 7 பேருக்கு அதிகம், பக்கவாதம் 8, மார்பகப் புற்றுநோய் 8. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. "உங்களுக்கு 53. நீங்க பயந்த அளவுக்கு இல்ல. ஆனா கொலஸ்ட்ராலுக்காக இதைப் போடக் கூடாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். 1998-லேயே இன்னொரு ஆய்வு வந்திருந்ததாம். ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்கள். ஹார்மோன் போட்டவர்களுக்கு எல்.டி.எல். 11 சதவீதம் குறைவு, நல்ல கொலஸ்ட்ரால் 10 சதவீதம் கூடுதல். தாளைப் பார்த்தால் அருமையான விடை. ஆனால் நான்கு வருட முடிவில் மாரடைப்பு குறையவில்லை. முதல் வருடத்தில் கூடியே இருந்தது. "நம்பர் இறங்கினா போதாதும்மா, மாரடைப்பு குறையணும்" என்றார். ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கச் சொன்னார். இன்றும் நடக்கிறேன்.

இதோடு நான் எல்லாம் தெரிந்தவள் ஆகிவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

2006-இல் ஒரு ராத்திரி, முத்தியால்பேட்டையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அவளுக்கு 54 வயது. "அண்ணி, வேர்த்துக் கொட்டுது. தாடையெல்லாம் வலிக்குது. முதுகைப் பிடிச்ச மாதிரி இருக்கு." நான் யோசிக்கவே இல்லை. "அந்த வயசுக் கோளாறுதாம்மா. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஃபேனைப் போட்டுட்டுப் படு" என்றேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், உயிர் பிழைத்தாள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. "ராத்திரியே வந்திருந்தால்..." என்று டாக்டர் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு 13 வருடம் இருந்தாள். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்குக் கொலஸ்ட்ரால் பரிசோதனை அதுவரை ஒருமுறைகூட செய்ததில்லை. அந்த வீட்டில் இதய நோயாளி அவள் புருஷன். அவருக்கு எண்ணெய் இல்லாமல் தனியாகச் சமைப்பாள். மிச்சமிருக்கும் வறுவலும் பொரியலும் இவளுக்கு.

இதையும் அவள் மகளிடம் சொன்னேன். பத்தொன்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்தது. என் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா அப்பவே சொல்லியிருக்காங்க அத்தை. 'அண்ணி மேல தப்பு இல்ல, நான்தான் வலியை பாதி சொன்னேன்'னு சொல்வாங்க." என்னிடம் வலியை முழுசாகத்தான் சொன்னாள். எனக்காக அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் நல்ல மருந்துதான். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள், வேறு நோய் இல்லாதவர்கள் டாக்டர் பார்த்துக் கொடுத்தால் போடலாம். மாத்திரையா, தோலில் தடவுவதா என்று கேட்டுக்கொள். மார்பகப் புற்றுநோயோ, கால் ரத்தக்கட்டியோ, இதய நோயோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல். கொலஸ்ட்ராலுக்கு வேறு மருந்து இருக்கிறது. அதற்காக ஹார்மோன் வேண்டாம். உன் அம்மாவுக்கு 54-இல் வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்.

இன்னொன்று. எரிச்சல் வேர்வை சூடாக வரும், சில நிமிடத்தில் போய்விடும். தாடை, முதுகு, கை, நெஞ்சு எங்காவது வலியோ, மூச்சு முட்டலோ, குமட்டலோ சேர்ந்து குளிர்ந்து வேர்த்தால் அது வேறு. ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. அண்ணியிடமோ அத்தையிடமோ போன் போட்டுக் கேட்காதே.

புதன்கிழமை டாக்டரிடம் போகிறாள். துணைக்கு நானும் போகிறேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக உத்தேசம்.