ஓடுகாலி

முதல் வாரத்தில் மட்டும் மூன்று பேர் வண்டியை நிறுத்தினார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "என்னாச்சும்மா, யாருக்கு என்ன?" மூன்றாமவர் எக்செல் வண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த பெரியவர். நான் வாய் திறப்பதற்குள் ஒரு கேனை அவிழ்த்துப் பாலத்து ஓரம் இறக்கிவைத்துவிட்டு, "ஏறு தாயி, மெடிக்கலுக்குத்தானே, விட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லங்கய்யா. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா?"

கோபமெல்லாம் இல்லை. ஏமாந்துபோன மாதிரி இருந்தது முகம். கேனைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடியுமுன் வெண்ணாற்றுப் பாலத்தில் ஒரு பொம்பளை ஓடுகிறாள் என்றால் சாவுச் சேதியாக இருக்க வேண்டும், பிரசவ வலியாக இருக்க வேண்டும், குடித்துவிட்டு வந்தவன் பின்னால் துரத்த வேண்டும். நானும் 44 வயதுவரை அப்படித்தான் ஓடியிருக்கிறேன். பொங்கி வழியும் பாலுக்கு, கிளம்பிவிட்ட பஸ்ஸுக்கு, முதல் மணி அடித்துவிட்ட கல்லூரிக்கு. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வேகமாக ஓடினால் "பெரிய பி.டி. உஷா" என்பார்கள். அது பாராட்டா கேலியா என்று கண்டுபிடிப்பதற்குள் வயதுக்கு வந்துவிட்டேன். ஓட்டம் அதோடு நின்றது.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குச் சொற்களை நோண்டும் வியாதி இருக்கும். 'அவன் ஓடிவிட்டான்' என்றால் கடன் தொல்லையா என்று கேட்போம். 'அவள் ஓடிவிட்டாள்' என்றால் யாரோடு என்று கேட்போம். ஓடுகாலி என்ற வசையை ஓர் ஆணுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. சங்க அகப்பாடல்களில் வீட்டைவிட்டுப் போகும் பெண்ணுக்கு உடன்போக்கு என்று கௌரவமான பெயர் உண்டு, ஆனால் அதிலும் 'உடன்' இருக்கிறது. காவிரிக் கரையோரமாகவே அலைந்த ஒருத்தியும் நம் இலக்கியத்தில் இருக்கிறாள், ஆதிமந்தி. அவளும் வெள்ளம் கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடித்தான் அலைந்தாள். இதையெல்லாம் பதினெட்டு வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். யாரையும் தேடாமல் அந்தக் கரையில் ஓடுபவளுக்கு நம்மிடம் பெயரே இல்லை என்பது, அம்மன்பேட்டை தாண்டி விலாவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது.

ஆரம்பம் என்னவோ சாதாரணமானது. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் பெரும்போக்கு. ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக ஆறு மாதம் போனபின், "இனிமே தினமும் நடங்க" என்றார் மருத்துவர். நடந்தேன். நடந்துகொண்டிருந்தவள் ஒருநாள் மழைக்குப் பயந்து ஓடினேன். மழை நின்றபிறகும் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஜூன் மாதமே, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். 21.1 கிலோமீட்டர். வீட்டில் சொன்னபோது கணவர், "காசு கட்டி ஓடணுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இட்லிமாவு யார் அரைப்பது என்பது அதற்கடுத்த கேள்வியாக வந்தது. சனி இரவே அரைத்துவைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவரே அரைக்கத் தொடங்கினார், அதைப் பெரிய கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உடுப்புதான் பெரும்பாடு. ஓடும்போது மார்பு வலிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்புக்கு ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும் என்று கடையில் கேட்டபோது, அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காலேஜ் பொண்ணுக்கா மேடம்?" என்றாள். கடைசியில் இணையத்தில் வாங்கினேன். முதல் மாதம் துப்பட்டாவை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு வெள்ளிக்கிழமை அது நனைந்து கனத்தது. அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் அதைப் போட்டிருந்தது யாருக்காக என்று அன்று எனக்கே புரியவில்லை.

எங்கள் வீடு வடவாற்றுக்குத் தெற்கே. திருவையாற்றுச் சாலையில் ஓடினால் ஐந்து பாலம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. ஐந்தில் முதல் மூன்றும் வெண்ணாற்றுக் குடும்பம், குடமுருட்டி காவிரியின் பிள்ளை. ஊரின் பெயரிலேயே இருக்கிற ஐந்து ஆறு. போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். பயிற்சி அட்டவணையை இணையத்திலிருந்து இறக்கிச் சமையலறையில் ஒட்டியிருந்தேன், ஆனால் என் கணக்கு பாலக் கணக்குதான். ஜூலையில் இரண்டு பாலம். ஆகஸ்ட் கடைசியில் மூன்று. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், திறந்தால் குறுவை உண்டு. வறண்டு கிடந்த மணலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்ததும், நாற்று நட்டதும், பச்சை ஏறியதும், கதிர் முற்றியதும் எனக்குக் கால்வழியாகத் தெரிந்தன. செப்டம்பர் கடைசியிலிருந்து சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டது. அறுத்த குறுவையைத் தாரில் காயப்போட்டிருப்பார்கள். மிதிக்காமல் ஓட வேண்டும், லாரிக்கும் ஒதுங்க வேண்டும். ஐப்பசியில் மழை. ஷூவுக்குள் சளக் சளக்கென்று தண்ணீர். அப்போது சம்பா நடவு.

ஒரு வாரம் ஒரு பைக் பின்தொடர்ந்தது. முகத்தில் கைக்குட்டை கட்டியவன், எதுவும் பேசவில்லை, இருபதடி பின்னால் மெதுவாக வருவான், நான் நின்றால் நிற்பான். நான்கு நாள். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் ஓட்டம் நின்றுவிடும். என் மாணவி ஒருத்தி இப்படி மறைத்திருந்தால் திட்டியிருப்பேன். ஐந்தாம் நாள் பள்ளியக்கிரகாரம் தாண்டி, நடவுக்குப் போகும் பெண்கள் லோடு வண்டிக்காகக் காத்து நின்றிருந்தார்கள். கையில் தூக்குவாளி, தோளில் துண்டு. அவர்களில் ஒரு அக்கா என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார். பிறகு அந்தச் சாலையே விழித்துக்கொள்ளும்படி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதினால் பதிப்பாளர் வெட்டமாட்டார், ஆனாலும் அது அந்த அக்காவின் சொத்து. பைக் திரும்பிப் போனதுதான், பிறகு வரவில்லை.

அதிலிருந்து என் நேரத்தை அவர்கள் நேரத்தோடு வைத்துக்கொண்டேன். ஐந்தேகாலுக்கு அந்த இடத்தைக் கடப்பேன். "டீச்சர், இன்னிக்கி எத்தன பாலம்?" என்பார்கள். "நாலுக்கா." "எங்களுக்கு ரெண்டு மா நடணும், நீ ஓடு." அவர்கள் நாள் முழுதும் குனிந்தபடி பின்னால் பின்னால் நகர்ந்து நடுவார்கள், நான் முன்னால் போகிறேன். இதில் யாருக்கு முழங்கால் போகும் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா முப்பத்தைந்து வருடம் நட்டவள்.

அம்மா திருவாரூர்ப் பக்கம் ஊரில் இருக்கிறாள். தீபாவளிக்குப் போனபோது ஷூவை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஏழாயிரம் ரூபாய் என்பதைச் சொல்லாமல் ஆயிரத்து ஐந்நூறு என்றேன். அதற்கே வாயைப் பிளந்தாள். பிறகு கேட்டாள்:

"இதப் போட்டுக்கிட்டா ஓடுற? எல்லாத் தெரு வழியாவுமா?"

"மெயின் ரோட்டுலம்மா."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. என் சிறுவயதில் எங்கள் தெருவிலிருந்து கடைக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனை வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொள்வாள். எனக்கும் கழற்றிவிடுவாள். யாரும் அங்கே நின்று சட்டம் சொன்னதாக நினைவில்லை. சித்திரை வெயிலில் நாங்கள் அந்தத் தெருவை மட்டும் வேகமாகக் கடப்போம், ஆனால் ஓடக்கூடாது. ஓடினால் "என்ன திமிரு" என்று வரும். சூடு பொறுக்காமல், ஓடாமல், வேகமாக நடக்கிற ஒரு நடை. ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லித்தராத அந்த நடை எனக்கு ஏழு வயதில் தெரியும். பெண் ஓடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தத் தெருவில் என்று கேட்காமல் விடுவது எனக்கு எப்போதும் இடிக்கும்.

உடம்பைச் சந்தேகப்படுவது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. 1960வரை அந்த ஓட்டத்தைப் பெண்களுக்கு வைக்கவேயில்லை. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் வந்தது 1984இல். பாஸ்டன் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் கதக்குறிச்சிக்குப் போகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று ஒன்றை வைத்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். பின்னாளில் அவரே சூளையில் கூலிவேலை பார்க்க நேர்ந்தது, அதற்கும் பிறகு பயிற்சியாளரானார். அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் ஆய்வு மாணவி. சங்கப் பாடல்களில் பெண்ணுடல் வருணனை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூருக்கு அடுத்த மாவட்டத்துப் பெண்ணின் உடம்பை உலகமே பிரித்துப் போட்டுப் பேசியபோது ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது நான்காவது பாலத்தில் மூச்சிரைக்கும்போது அவர் நினைவு வரும். கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

போட்டிக்கு முந்தைய இரவு, கணக்கில்லாமல், உதிரம் வந்துவிட்டது. சென்னையில் தோழி வீட்டில் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கறுப்பு டைட்ஸ் போட்டுக்கொண்டு, இடுப்புப் பையில் வாழைப்பழத்துக்குப் பதில் இரண்டு நாப்கின் வைத்துக்கொண்டு போனேன். இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள். கடற்காற்று உப்பாக இருந்தது. முதல் பத்துக் கிலோமீட்டரில் ஒன்றும் பெரிதாக இல்லை, எங்கள் ஊர்ச் சாலையைவிடச் சமதளம், நாய்களும் இல்லை. பன்னிரண்டாவதில் நகரும் கழிப்பறை ஒன்றின் வரிசையில் ஒன்பது நிமிடம் போயிற்று. எனக்கு முன்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி என் கையைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கா?" என்றாள். இருந்தது.

பதினேழுக்குமேல் தொடை மரத்துப்போனது. தண்ணீர் மேசையைத் தாண்டிய இடத்தில், ஓடுகிறவர்கள் விசிறியடித்த காகிதக் கோப்பைகளைத் தூய்மைப் பணியாளர் பெண்கள் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் முன்னால் எழுந்து வந்திருப்பார்கள். என் கோப்பையைக் கீழே போட முடியவில்லை. நின்று, கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். "நிக்காத, நிக்காத, ஓடு, பஸ்ஸு போயிடப்போவுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் போனேன். மீதி மூன்றும் வெறும் வலி, சொல்வதற்கு ஏதுமில்லை. 2 மணி 58 நிமிடம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா பதக்கத்தைக் கையில் வைத்து எடை பார்த்தாள்.

"பித்தளையா?"

"இல்ல, ஏதோ கலப்படம்."

"எத்தனாவதா வந்த?"

"நெறைய பேருக்கு அப்புறம்."

"அதுக்கும் குடுக்குறாங்களா?"

பதக்கத்தைச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஷூவை எடுத்துவரச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். என் கால் அளவுதான் அவளுக்கும், பெருவிரல் மட்டும் சேற்றில் ஊறி ஊறிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். நான் கயிற்றைக் கட்டிவிட்டேன். சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலிறங்கி, குழாயடி தாண்டி, தெருமுனைவரை போனாள். அங்கே சற்று நின்று ஊர்த்தெருப் பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, காலை என் மடியில் தூக்கி வைத்தாள்.

"கழட்டு. உள்ள காத்தே போவல."