தென்னைக்குக் கீழே ஒரு வீடு

நீங்கள் குடியிருக்கும் வீடு பூகோளப் படத்தில் இருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? சித்தையன்கோட்டைக்குப் போகும் வரையில் எனக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை.

பூகோளம் படிக்கும் என் அண்ணன் மகள், "அத்தை, திண்டுக்கல் பக்கம் போய் ஒரு படத்தைச் சரி பார்க்கணும், துணைக்கு வர்றீங்களா?" என்றாள். படம் என்றதும் சினிமாவாக்கும் என்று நினைத்துவிட்டேன்! இல்லையாம். எங்கே வீடுகள் நெருங்கியிருக்கின்றன, எங்கே விலகியிருக்கின்றன என்று செயற்கைக்கோளின் உதவியால் வரைந்த படமாம்.

ஐரோப்பியர்கள் 2015-ல் முதன்முதலாக ஏவிய 'சென்டினல்-2' வகைக் கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நிலத்தைப் படம் பிடிக்கின்றன. அவற்றின் கண்ணுக்குப் பூமி முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அதற்குள் திண்ணை, கிணற்றடி, மாட்டுக் கொட்டில் எல்லாம் இருந்தாலும் அங்கே தெரிவது ஒரே புள்ளிதான். அதில் கட்டடம் உண்டா என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அது சொன்னது மெய்யா என்று யாராவது நடந்து போய்ப் பார்க்க வேண்டாமா?

பார்க்க வேண்டிய இடங்களைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் எடுக்க வேண்டுமாம். நம் வசதிக்குத் தார் ரோட்டோரமாகவே பார்த்தால், பரீட்சை எழுதும் பிள்ளையே கேள்வித்தாளும் தயாரித்த கதையாகிவிடும். அதனால் வரப்பெல்லாம் ஏறி இறங்கினோம். என் செருப்பு அறுந்தது தனிக்கதை.

படம் 'கட்டடம்' என்று சொன்ன ஓரிடத்தில் சிமெண்டுக் களம்; நெல் காய்ந்துகொண்டிருந்தது. 'கட்டடமே இல்லை' என்று சொன்ன தோப்பில், தென்னை ஓலைகளுக்கு அடியில் ஓட்டு வீடு, வாசலில் கோலம்!

"அப்படியானால் படம் தப்புத்தானே?" என்றேன்.

"மொத்த மார்க்கைப் பார்த்தால் தெரியாது, அத்தை. நூறு இடத்தில் தொண்ணூறு வயலும் தோப்பும், பத்துதான் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்குமே வீடில்லை என்று சாதிக்கிற படத்துக்கும் தொண்ணூறு மார்க் கிடைத்துவிடும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான், விட்டுப்போன வீடு எத்தனை, இல்லாததை வீடென்றது எத்தனை என்று தனித்தனியே எண்ணுகிறார்கள். இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல, சகோதரிகளே! ஐரோப்பியக் கமிஷனின் ஆராய்ச்சி மையம், இப்படிப்பட்ட கட்டடப் படத்தை வைத்துத்தான் ஜனத்தொகையைக் கட்டம் கட்டமாகப் பங்கிடுகிறது. வீடு விட்டுப்போனால் அந்த வீட்டு மனிதர்கள், பாவம், நெல் காயும் களத்தில் குடியேறிவிடுவார்கள்!

ஓட்டு வீட்டுப் பாட்டி நீர்மோர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"ஏத்தா, வரி கட்டுறேன், கரண்டு பில்லு கட்டுறேன். அந்தக் கண்ணுக்கு நான் தெரியலையாமா?"

"இப்போ எழுதிட்டேன் பாட்டி, இங்கே வீடு இருக்குன்னு."

"ரெண்டுன்னு எழுது. பின்னால எம் மகன் தனியாக் கட்டியிருக்கான்."

போய்ப் பார்த்தோம். அதற்கு மேலேயும் தென்னைதான்.