வெடிக்காத துப்பாக்கி

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் உதயகிரிக் கோட்டைக்குச் சென்ற மாதம் நண்பர்கள் மூவரும் போயிருந்தோம். கூரையிழந்த சிற்றாலயத்துள் டிலனாயின் கல்லறை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட அவர், பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தார். இக்கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையையும் நடத்தி 1777இல் மறைந்தார். லத்தீனும் தமிழும் அக்கல்லில் சேர்ந்தே இருக்கின்றன. அங்கே நின்றபோது எங்கள் பேச்சு, நாங்கள் கையால் தொட்டறிந்த ஒரே துப்பாக்கியின் பக்கம் திரும்பியது.

நாகர்கோவிலில் படித்த காலத்தில் தேசிய மாணவர் படையில் இருந்தோம். அணிவகுப்புக்கு எங்களுக்குத் தரப்பட்டது .303 லீ என்ஃபீல்டு. ஏறத்தாழ நான்கு கிலோ எடை. ஆனால் வெடிக்காது. உடலில் 'டி.பி.' என்று பொறித்திருக்கும். பயிற்சிக்கு மட்டும் என்று பொருள். போல்ட்டுக்குள் ஊசியின் முனையை நீக்கிவிட்டிருந்தார்கள். தோட்டா அமரும் அறையில் துளையிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் உஸ்தாத் சாக்கை விரித்து எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வார். ஒன்றின் போல்ட்டை மற்றொன்றில் மாட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். போல்ட்டின் கைப்பிடியிலும் துப்பாக்கியின் உடலிலும் ஒரே எண் இருக்க வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை கூடினாலும் தோட்டாவின் உறை கிழிந்து, தீயும் புகையும் சுடுபவன் முகத்துக்கே திரும்பலாம் என்பார். வெடிக்காத துப்பாக்கிக்கு எதற்கு இந்த ஆசாரம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

துப்பாக்கியைத் திருத்துவது சுடுபவனைப் பற்றிய ஒரு தீர்ப்பு என்பது பின்னர் வாசித்தபோதுதான் விளங்கியது. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்களின் கையில் மரையற்ற குழலுடைய மஸ்கட்டுகளைக் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. மரை இல்லையேல் குறியும் தூரமும் குறையும். பிற்காலத்தில் வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில், போலீசாருக்கும் காவலர்களுக்கும் என்று இதே லீ என்ஃபீல்டை .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். உட்குழல் வழவழப்பானது; மகசின் இருந்த இடத்தை மரக்கட்டை அடைத்தது; ஒருமுறைக்கு ஒரே தோட்டா. 1962 சீனப் போருக்குப் பின் அதே ஆலை எதிர்த்திசையில் போயிற்று. வலுவான எஃகில் உடலைச் செய்து, 7.62 மி.மீ. தோட்டாவுக்கேற்ப 2ஏ1 என்ற துப்பாக்கியை உருவாக்கியது. ஒரே போல்ட் அமைப்பு. ஒரு காலத்தில் அவநம்பிக்கை, இன்னொரு காலத்தில் அச்சம்.

எங்களில் ஒருவனுக்கு ஊர் விளவங்கோடு பக்கம். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அவன் பாட்டா அன்று கூட்டத்தில் நின்றவர். தொடையில் தழும்பு உண்டு. 1956 நவம்பர் 1இல் இணைப்பு நடந்தபோதும் அவர் தாங்கித் தாங்கித்தான் நடந்தார் என்று வீட்டில் சொல்வார்கள்.

கல்லூரியின் ஆண்டு அணிவகுப்புக்கு அவர் வந்திருந்தார். பேரன் தோளில் துப்பாக்கியைக் கண்டதும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"வெடிக்காது பாட்டா, ஓட்டை போட்ட தோக்கு" என்று அவன் போல்ட்டை இழுத்துக் காட்டினான்.

கிழவர் மெல்ல வந்தார். அந்தத் துளையை விரல் நுனியால் இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

"இந்த ஓட்டைய அண்ணைக்கே போட்டிருக்கலாமே மக்களே" என்றார்.

உஸ்தாத் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்களும் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.